கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பழைய ராஜ்தூத் 350 வாங்கி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் மட்டும் உங்களில் மூன்று பேர் என் வீட்டு வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். மூவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே இரண்டு கார்பரேட்டர்கள், அக்கக்காகப் பிரித்தபடி. மூவர் வாயிலும் ஒரே பேச்சு: "அண்ணே, ட்யூனிங் நிக்கவே மாட்டேங்குது."

ஒருவர் பையில் மெயின் ஜெட் ஒன்று குறைந்தது. கழுவும்போது சாக்கடைப் பக்கம் உருண்டுவிட்டதாம். இன்னொருவர் பைலட் ஜெட்டைச் சேலைக்குக் குத்தும் ஊக்கால் நன்றாகக் குத்திப் பெரிதாக்கியிருந்தார். மூன்றாமவர் எதையும் கெடுக்கவில்லை. ஆனால் இடப்பக்க ஸ்லைடை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் போட்டிருந்தார். அரை நாள் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று வண்டியிலும் மூலக் கோளாறு கார்பரேட்டரில் இல்லை. ஒன்றில் பாயிண்ட் கருகிக் கிடந்தது. ஒன்றில் கார்பரேட்டரைச் சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பர் வெடித்திருந்தது. மூன்றாவதில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

அதனால்தான் இந்த மடல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

நீங்கள் வைத்திருக்கும் வண்டியின் பூர்வீகம் உங்களுக்கே தெரியும், நீட்டமாட்டேன். யமஹா 1973-இல் ஜப்பானில் இறக்கிய ஆர்டி 350-ஐ, 1983-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே ராஜ்தூத் பெயரில் கொண்டுவந்தது. ஜப்பான்காரன் கொடுத்தது 39 குதிரைத்திறன். நம் ஊர் மைலேஜ் கணக்குக்காக அதை முதலில் முப்பது சொச்சமாகவும் பிறகு 27 ஆகவும் குறைத்தார்கள். முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கும் போய் டிரம் வந்தது. அப்படியும் மைலேஜ் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. பத்தாண்டுகூட விற்காமல் ஓய்ந்தது. அன்று பாதி விலைக்குக்கூடக் கேட்பாரில்லாமல் கிடந்த வண்டியை இன்று நீங்கள் லட்சங்கள் கொடுத்து வாங்குகிறீர்கள். வாங்குங்கள். ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். ஒற்றைச் சிலிண்டர் ஆர்எக்ஸ் 100-இல் கற்ற கைப்பழக்கத்தை அப்படியே இதில் காட்டினால் வண்டி உங்களைப் பழிவாங்கும்.

ஏனென்றால் இது ஒரு வண்டிக்குள் இரண்டு வண்டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலந்த காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க் அறை தனி. கார்பரேட்டர் தனி, ரீட் வால்வு தனி, பாயிண்ட் தனி, சைலன்சரும் ஆளுக்கொன்று. ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றது கீழே இறங்குகிறது. ஒன்று சுணங்கினால் மற்றது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். உங்களுக்கு 'கொஞ்சம் பிக்கப் கம்மி' என்று மட்டும்தான் தோன்றும். ஒற்றை மாட்டை வைத்து இரட்டை மாட்டு வண்டி ஓட்டுகிறோம் என்பது, இழுத்த மாடு படுத்த பிறகுதான் தெரியும்.

கார்பரேட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கம்ப்ரஷன் கேஜ் ஒன்று கடன் வாங்கியாவது இரண்டு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் போர் வேலை காத்திருக்கிறது, கார்பரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து பாயிண்ட் இடைவெளி, டைமிங், இரண்டு பிளக்கிலும் ஒரே நீலப் பொறி. அடுத்து பெட்ரோல் டியூபைக் கழற்றி டேங்கிலிருந்து தாராளமாக விழுகிறதா என்று பார்ப்பது. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும், நீங்கள் ஜெட்டைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இவற்றையெல்லாம்விட மோசமானது காற்றுக் கசிவு. ரேஸ் கொடுத்து விட்ட பிறகும் ஐட்லிங் இறங்காமல் அந்தரத்தில் தொங்குகிறதா? எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. முதல் சந்தேகம் அந்த இணைப்பு ரப்பர். நாற்பது வயசு ரப்பர் அது. மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். அடுத்த சந்தேகம் கிராங்க் சீல். கிளட்ச் பக்கச் சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலைக் குடிக்கும். சைலன்சரில் புகை மண்டும், ஆயில் அளவு குறையும், கண்டுபிடித்துவிடலாம். பாயிண்ட் பக்கச் சீல் போனால் புகை வராது, சத்தம் வராது, வெறும் காற்றை உறிஞ்சும். அந்தப் பக்கச் சிலிண்டர் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும். 'ட்யூனிங் நிக்கல' என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் இணைப்பு ரப்பர், கிராங்க் சீல் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இவ்வளவும் சரியென்று தெரிந்த பிறகு கார்பரேட்டருக்கு வாருங்கள். வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். ஏர் ஸ்க்ரூவைத் திறக்கும் முன்னால் மெதுவாக உள்ளே முடுக்கிக்கொண்டே எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஊசியின் கிளிப் எத்தனையாவது பள்ளத்தில், மெயின் ஜெட்டில் என்ன நம்பர், பைலட்டில் என்ன நம்பர், இடது எது வலது எது, எல்லாவற்றையும். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ யாரோ யாருக்கோ விற்ற பாகங்கள் இப்போது உங்கள் வண்டியில் சேர்ந்திருக்கின்றன. இடப்பக்கம் ஒரு நம்பர் ஜெட், வலப்பக்கம் வேறு நம்பர் என்று எத்தனையோ வண்டியில் பார்த்தாயிற்று. போலி ஜெட்டில் நம்பர் ஒன்றிருக்கும், துளை வேறாக இருக்கும்.

அடைப்பு எடுக்கக் கம்பி கூடாது, ஊக்கு கூடாது, தையல் ஊசி கூடவே கூடாது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை, மென்மையான பித்தளை. ஒருமுறை ஊக்கு நுழைந்துவிட்டால் அது பைலட் ஜெட் இல்லை, வெறும் ஓட்டை. கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வேண்டுமானால் தூண்டில் நரம்பை விட்டு எடுங்கள். பித்தளை மிதவையாக இருந்தால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் எங்கோ ஊசித்துளை இருக்கிறது. சுடுநீரில் அமுக்கினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பட்டறை பாய் இதை டீக்கடை டம்ளர் வெந்நீரில் செய்வார். டீக்கடைக்காரர் அந்த டம்ளரைத் திருப்பி வாங்கமாட்டார்.

சோக் பற்றி ஒரு வார்த்தை. இந்த மிக்குனி கார்பரேட்டரில் நீங்கள் சோக் என்று இழுப்பது உண்மையில் காற்றை மறிக்கும் தகடு இல்லை. கூடுதல் பெட்ரோலுக்குத் தனிப்பாதை திறக்கும் ஒரு சின்னப் பிஸ்டன். ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால்தான் அந்தப் பாதை உறிஞ்சும். காலையில் சோக்கையும் இழுத்து, ரேஸையும் முறுக்கி, கிக்கரை இருபது தடவை மிதித்து வியர்ப்பவர்கள் கையை எடுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். அந்தப் பிஸ்டனின் அடியில் உள்ள ரப்பர் காய்ந்துபோனால் சோக் மூடியும் மூடாமலும் பெட்ரோல் கசியும். ஒரு பக்கப் பிளக் மட்டும் எப்போதும் கரியாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

இனி இரண்டையும் ஒன்றாக்கும் வேலை. கைப்பிடியிலிருந்து இறங்கும் ஒரு ஒயர் நடுவில் மூன்றாகப் பிரிகிறது: இரண்டு கார்பரேட்டருக்கு இரண்டு, ஆயில் பம்புக்கு ஒன்று. முதலில் இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவையும் தளர்த்தி ஸ்லைடுகளை முழுக்க இறக்குங்கள். ஏர் ஃபில்டர் பக்க ரப்பரைக் கழற்றிவிட்டு, ஒரே டிரில் பிட்டின் தண்டை இரண்டு ஸ்லைடின் அடியிலும் மாறி மாறி வைத்து, ஸ்க்ரூவை முடுக்கி இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பிறகு இரண்டு வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டு ஸ்லைடைத் தொட்டுக்கொண்டு, நண்பரை ஆக்சிலரேட்டரை மயிரிழை முறுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் மேலேயுள்ள ஒயர் அட்ஜஸ்டரில் சரிசெய்யுங்கள். கண்ணைவிட விரல் நுணுக்கமானது. வாக்குவம் கேஜ் இல்லாத காலத்தில் நாங்கள் இப்படித்தான் செய்தோம். இன்றும் இந்த வண்டிக்கு இது போதும் என்பது என் கட்சி.

ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்துத் தொடங்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு பக்கத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் அதிகபட்சமாக ஏறும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே முடுக்கி விடுங்கள். உள்ளே போனால் காற்று குறையும், ரிச். வெளியே வந்தால் லீன். பிறகு அடுத்த பக்கம். கடைசியில் இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு கையிலும் ஒரே அடி அடிக்க வேண்டும்.

மேல்வேகத்துக்கு ஊசியும் மெயின் ஜெட்டும். இங்கேதான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறீர்கள். வண்டி எண்பதில் போகும்போது திணறுகிறது என்றால் மெயின் ஜெட்டை மாற்றுகிறீர்கள். கார்பரேட்டருக்கு உங்கள் வேகம் தெரியாது, அம்மா. ஸ்லைடு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று பாருங்கள். ஆரம்பம் பைலட்டின் பாடு, கால் வரை ஸ்லைடின் வெட்டு, காலிலிருந்து முக்கால் வரை ஊசி, அதற்கு மேல்தான் மெயின் ஜெட். ஊரில் ஓட்டும் நேரமெல்லாம் நீங்கள் இருப்பது ஊசியில்தான். நாற்பது வருட அதிர்வில் ஊசி தேய்ந்து, அது நுழையும் ஜெட் முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் நடுவில் எப்போதும் ரிச்சாகப் படபடக்கும், மைலேஜ் விழும். கிளிப்பை எங்கே மாட்டினாலும் தீராது. இரண்டையும் புதிதாகப் போட்டால்தான் தீரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதுங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1994, ஏப்ரல். ஊட்டிக்கு நாலு வண்டியில் போனோம். 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஜெட் அதே ஜெட், காற்று மட்டும் மெலிந்துவிட்டதால் வண்டி ரிச்சாகி, புகைத்து, இருமி, சேரிங் கிராஸ் ஏற்றத்தில் அவமானப்படுத்தியது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, எல்லாம் தெரியும். லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து மெயின் ஜெட்டை இரண்டு நம்பர் குறைத்தேன், ஊசியையும் ஒரு பள்ளம் இறக்கினேன். அடடா, என்ன சத்தம்! தகரத்தைக் கிழித்தது போல, சுருக்கென்று. இரண்டு நாள் மலை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுற்றினேன். திரும்பும்போது ஜெட்டை மாற்றச் சோம்பல்.

குன்னூர் வழியாக இறங்கினோம். இறக்கத்தில் ரேஸை மூடிக்கொண்டே வந்தேன். மேட்டுப்பாளையம் தாண்டியதும் நேர் சாலை, வெயில், அடர்ந்த காற்று. காரமடைக்கு முன்னால் முழுக்க முறுக்கினேன். வண்டி அதுவரை போகாத வேகத்தில் போனது. அந்தக் கூர்மையான சத்தம் இன்னும் கூர்மையாகி, திடீரென்று ஒரு கணம் மௌனம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இன்று இந்த மடல். வலப்பக்கப் பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அலுமினியம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமில்லை, பிஸ்டனைக் குளிரவைப்பதும் அதுதான். லீன் ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் போகும். அதைவிடக் கொடுமை, பிஸ்டன் சீஸ் ஆகி ஒட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால்தான் வண்டி மிக அழகாக ஓடும். அழகான சத்தத்தை நம்பாதீர்கள். முழு ரேஸில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே நேரத்தில் இக்னிஷனையும் அணைத்து, ஓரம் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மண்சட்டி நிறம் வேண்டும். வெள்ளையாக இருந்தால் அப்படியே மெதுவாக வீட்டுக்குப் போய் பெரிய ஜெட் போடுங்கள். 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. எங்கள் காலத்து அடர்ந்த நிறம் இப்போது வராது. ஓரளவு வெளிறியிருந்தால் பயப்பட வேண்டாம், சுண்ணாம்பாக இருந்தால் பயப்படுங்கள்.

"பயமா இருக்குண்ணே, 2டி ஆயிலைக் கூட ஊத்திட்டேன்" என்று ஒரு தங்கை சொன்னார். பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலப்பவர்கள் எல்லோரும் கவனியுங்கள். ஜெட் வழியாகப் போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். அதில் ஆயிலின் பங்கைக் கூட்டினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கூடுதல் ஆயில் எஞ்சினை லீன் ஆக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது எதிர்ப்பக்கம் தள்ளும். கலக்கும் விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அதே கணக்குத்தான் இப்போதைய பெட்ரோலுக்கும். பங்க்கில் இ20 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு 13.5 கிலோவை ஒட்டி வரும். 1983-ஆம் வருடத்து ஜெட்டில் இன்றைய பெட்ரோலை விட்டால், எதையும் தொடாமலே வண்டி ஏறக்குறைய எட்டு சதவீதம் லீன். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். உங்கள் வண்டிக்குக் கம்ப்யூட்டர் நீங்கள்தான். 'கம்பெனி நம்பர் ஜெட்தான் போட்டிருக்கேன்' என்று பெருமைப்படுபவர்கள் மெயின் ஜெட்டில் ஒன்றிரண்டு நம்பர் கூட்டிப் பிளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோலை மூடிவிட்டு, கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். வடிக்காத கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதை இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு கூம்பு ஃபில்டர் மாட்டி, கூடவே எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சரும் போட்டுவிட்டு ஜெட்டை மாற்றாதவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. காரமடையில் சந்திப்போம்.

கடைசியாக அந்த மூன்றாவது ஒயர். கார்பரேட்டர் ஒயரை நீங்கள் எப்போது தொட்டாலும் பம்புக்குப் போகும் ஒயரின் இழுவையும் மாறிவிடும். பம்ப் பின்தங்கினால் முழு ரேஸிலும் ஆயில் குறைவாகத்தான் வரும். பம்ப் புல்லியில் ஒரு குறி இருக்கிறது. கையேட்டில் சொன்ன நிலையில் அது நேராக வருகிறதா என்று, எல்லா வேலையும் முடித்த பிறகு பார்த்தே ஆகவேண்டும். என்னிடம் வந்த மூவரில் ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. பம்ப் மூடியைத் திறந்ததே இல்லையென்று ஒருவர் சொன்னார்.

வருகிற ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். வண்டியைக் கொண்டுவாருங்கள், நோட்டைக் கொண்டுவாருங்கள், பொறுமை இருந்தால் அதையும். தயவுசெய்து கார்பரேட்டரைப் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள், வண்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்